குளிர்காலக் காலையில் லாரி செல்ஃப் நீண்டால், பேட்டரி மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் தொடங்கியதும் லாரி ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நேற்று வரை செல்ஃப் தொட்டவுடன் பிடித்த வண்டி, இன்று காலை ஏன் இவ்வளவு நேரம் சுற்றுகிறது? அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பேட்டரி போச்சு, மாத்திடுங்க." மாற்றிய பிறகும் அதே தொல்லை இருந்தால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் கழற்றப்படுகிறது, அதற்கடுத்து டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். ஒரு ரப்பர் வளையத்திலோ எர்த் ஒயரின் துருப்பிடித்த போல்ட்டிலோ முடிந்திருக்க வேண்டிய வேலை, பெரிய செலவாக வளர்ந்துவிடுகிறது. டீசல் இன்ஜின் வேலையில் இருக்கும் எங்களுக்கு இது மனத்தை உறுத்துவதால் எழுதுகிறோம்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 16 முதல் 18 மடங்கு அழுத்தும்போது பிறக்கும் சூடுதான் தீக்குச்சி. 17 மடங்கு அழுத்தும் ஓர் இன்ஜினில், 30 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும் காற்று ஏட்டுக் கணக்குப்படி 670 டிகிரியை நெருங்கும். அதே காற்று 0 டிகிரியில் போனால் 575 டிகிரிதான் வரும். நுழையும் காற்றில் ஒரு டிகிரி குறைந்தால் முடிவில் மூன்று டிகிரி போய்விடுகிறது. இதுவும் சூடும் காற்றும் எங்கும் கசியாது என்று வைத்துக்கொண்ட கணக்கு. உண்மையில் செல்ஃப் வேகத்தில் பிஸ்டன் மெதுவாக ஏறுகிறது, சிலிண்டர் சுவரான லைனரும் அதன் மூடியான ஹெட்டும் பனிபோல் சில்லிட்டு இருக்கின்றன. அழுத்திய காற்று தன் சூட்டை அந்த இரும்புக்குக் கொடுத்துவிடும். கொஞ்சம் காற்று பிஸ்டன் ரிங் இடுக்கிலும் நழுவும். மிஞ்சுவது 300, 350 டிகிரியை ஒட்டி வந்து நின்றுவிடலாம்.

டீசல் 210 முதல் 250 டிகிரியிலேயே தானாகப் பற்றும் என்று படித்திருப்பவர்கள், 300 போதாதா என்று கேட்பார்கள். அந்த அளவு, டீசல் நிதானமாகச் சூடேற நேரம் இருக்கும்போது பொருந்துவது. நிமிடத்துக்கு 150 சுற்றில் செல்ஃப் ஓடும்போது, பிஸ்டன் உச்சியில் இருக்கும் பக்குவமான தருணம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். அதற்குள் டீசல் துளி ஆவியாகி, காற்றோடு கலந்து, பற்ற வேண்டும். காற்று போதிய சூட்டில் இல்லையென்றால் அந்தச் சுற்று வீண். ஆனால் ஒவ்வொரு சுற்றும் லைனரிலும் பிஸ்டன் தலையிலும் கொஞ்சம் சூட்டை விட்டுப்போகிறது. பத்து, பதினைந்து சுற்றுக்குப் பிறகு ஏதோ ஒரு சிலிண்டர் முதலில் பற்றும், அது மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகும். குளிரில் கூடுதலாகச் சுற்றும் சில நொடிகள், இன்ஜின் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் நேரம். ஆகவே உறைநிலையை ஒட்டிய காலையில் ஐந்தாறு நொடி செல்ஃப் எடுத்தால் பதற வேண்டாம். பத்து நொடியைத் தாண்டினால், அல்லது அதே குளிரில் போன வாரத்தைவிட இந்த வாரம் நீண்டால், பார்க்க வேண்டும்.

பார்ப்பது என்றால் முதலில் எந்தப் பாகத்தையும் கழற்றுவதல்ல. இரண்டே விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறதா, வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா? சைலன்சரில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? ஒருவர் கேபினில் இருக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தால் போதும். குறை எந்தப் பக்கம் என்பது இந்த இரண்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றினால் அது மின்சாரத்தின் பக்கமோ ஆயிலின் பக்கமோ உள்ள கோளாறு. பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வினை. குளிரில் அது மந்தமாகிவிடும். 27 டிகிரியில் ஒரு பேட்டரி தரும் செல்ஃப் திறனை 100 என்று கொண்டால், 0 டிகிரியில் அது சுமார் 65, மைனஸ் 18 டிகிரியில் சுமார் 40. அதே நேரத்தில் இன்ஜின் கேட்கும் பலமோ கூடிக்கொண்டே போகிறது. வழக்கமாக ஊற்றும் 15டபிள்யூ40 ஆயில், இன்ஜின் சூட்டில் 14, 15 சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) அளவுக்கு நீர்த்திருக்கும். 40 டிகிரியில் அது 110-ஐ ஒட்டி இருக்கும், 0 டிகிரியில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பேரிங்கும் ஒவ்வொரு பிஸ்டனும் பாகுக்குள் நகர்வதுபோலத்தான் அப்போது நகர்கின்றன.

ஆயில் டப்பாவில் 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கானது. 15டபிள்யூ ஆயிலுக்குச் செல்ஃப் வேகத்துப் பிசுபிசுப்பைச் சோதிக்கும் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி, 10டபிள்யூ என்றால் மைனஸ் 25, 5டபிள்யூ என்றால் மைனஸ் 30. உறைநிலைக்குக் கீழே அடிக்கடி நிற்கும் வண்டிக்கு, இன்ஜின் கையேடு அனுமதிக்கும்பட்சத்தில் 10டபிள்யூ அல்லது 5டபிள்யூவுக்கு மாறுவது, பெரிய பேட்டரி போடுவதைவிட நல்ல பலன் தரும் என்பது எங்கள் கருத்து. கியர்பாக்ஸ் ஆயில் இதைவிடக் கெட்டி. நியூட்ரலில் வைத்தாலும் கிளட்சை மிதிக்காமல் செல்ஃப் அடித்தால், கியர்பாக்ஸின் முன் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் அந்தக் கெட்டி ஆயிலைக் கலக்கிக்கொண்டே சுற்றும். கிளட்சை முழுக்க மிதித்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஹெட்லைட், ஃபேன், மியூசிக் சிஸ்டம் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

பேட்டரியைச் சந்தேகித்தால் மல்டிமீட்டரால் கேளுங்கள், ஊகத்தால் கேட்காதீர்கள். காலையில் சாவி போடுவதற்கு முன் ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியும் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பிறகு செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியும் தொடராக இணைந்திருப்பதால் மொத்தமாக மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தால், ஒன்று 10 வோல்ட்டில் நிற்க, இன்னொன்று 8-க்கு விழுவது தெரியும். அந்த இரண்டாவதுதான் குற்றவாளி. மிதமான வெப்பநிலையில் 9.6-க்குக் கீழே விழும் பேட்டரியை முழுச் சார்ஜ் ஏற்றி மறுபடி சோதித்துவிட்டுத்தான் மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள், செல்லுக்குச் செல் 0.05-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மியூசிக் சிஸ்டத்துக்கும் செல்பேசி சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பேட்டரி நாள்தோறும் கூடுதலாக இறங்குகிறது. சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ இரண்டையும் சேர்த்து 28 வோல்ட்டைத்தான் பார்க்கிறது. ஒன்று எப்போதும் குறைச் சார்ஜில் வாடுகிறது, மற்றது அதிகச் சார்ஜில் தண்ணீர் வற்றுகிறது. கோடையில் இது வெளியே தெரியாது. முதல் குளிர் காலையில் இரண்டும் சேர்ந்து காலை வாரிவிடும். 24-ஐ 12-ஆக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே ஒன்று கெட்டுவிட்டதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் தொடரில் ஒத்துப்போகாது.

பேட்டரி நன்றாக இருந்தும் சுற்று மெதுவாக இருந்தால் ஒயரைப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்கோ ஓர் இணைப்பில் ஓர் ஓமில் ஐந்நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே, 500 ஆம்பியரில் ஒரு வோல்ட் அங்கே எரிந்துபோகும். பேட்டரி மைனஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து, உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் குறை. பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையிலும் அப்படியே பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் செல்ஃப் அடித்து முடித்ததும் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதுதான் கெட்ட இணைப்பு. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை பெயின்ட்டின் மேலோ துருவின் மேலோ உட்கார்ந்திருப்பது அடிக்கடி காணும் காட்சி. கழற்றி, இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

இனி, செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் பிடிக்க நேரமாகிறது என்றால்? பேட்டரியை விட்டுவிடுங்கள். வெள்ளைப் புகை என்பது எரியாமல் ஆவியாக வெளியேறும் டீசல். டீசல் வருகிறது, சூடு போதவில்லை என்று இன்ஜினே சொல்கிறது. முதலில் பார்க்க வேண்டியது காற்றைச் சூடாக்கும் ஏற்பாடு. சில இன்ஜின்களில் காற்று நுழையும் வழியில் கிரிட் ஹீட்டர் இருக்கும், சிலவற்றில் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக், இன்னும் சிலவற்றில் மேனிஃபோல்டுக்குள் சிறிதளவு டீசலை எரிக்கும் ஃபிளேம் ஸ்டார்ட்டர். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரிந்தால், அது அணையும்வரை செல்ஃபைத் தொடக் கூடாது. ஒரே திருப்பில் செல்ஃப் அடிக்கும் பழக்கம் இருந்தால், நீண்ட செல்ஃபுக்கு அது ஒன்றே காரணமாக இருந்துவிடலாம்.

விளக்கு எரிகிறது என்பதால் ஹீட்டரும் எரிகிறது என்று நினைக்க வேண்டாம். பல வண்டிகளில் அந்த விளக்கு காத்திருக்க வேண்டிய நேரத்தை மட்டும் காட்டும். கிரிட் ஹீட்டர் உண்மையில் வேலை செய்தால், அது மின்சாரத்தைப் பெரிய அளவில் இழுப்பதால் பேட்டரி வோல்ட் பளிச்சென்று இறங்கும். சாவி போட்டும் வோல்ட் அசையவில்லை என்றால் ரிலே, பெரிய ஃப்யூஸ், கேபிள் இந்த மூன்றில் ஒன்று போயிருக்கிறது. ஹீட்டர் பிளக்கை ஒயரைக் கழற்றிவிட்டு ஓமில் அளக்கலாம். சில ஓம் மட்டும் காட்டினால் நன்று. எல்லையில்லாத தடை காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஆறில் ஒன்று போனால் பிடித்த பிறகு கொஞ்ச நேரம் தடதடக்கும். மூன்று போனால் செல்ஃப் நீளும். பிடித்த பிறகும் சிறிது நேரம் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தால் அது குறையல்ல. ஹீட்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது.

எலக்ட்ரானிக் இன்ஜின்களில் ஹீட்டருக்கும் கூடுதல் டீசலுக்கும் உத்தரவு கொடுப்பது இன்ஜினின் கணினியான இ.சி.எம். அது கூலன்ட் சென்சாரின் சொல்லை நம்புகிறது. சென்சார் கெட்டு, 5 டிகிரியில் இருக்கும் இன்ஜினை 70 டிகிரி என்று காட்டினால், ஹீட்டரும் வராது, கூடுதல் டீசலும் வராது. பழுதைக் காட்டும் கோட் எதுவும் பதியாமலேயே இப்படி நடக்கக்கூடும். இரவு முழுதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனரை மாட்டி கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். எல்லாம் ஓரிரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதுதான் பொய் சொல்கிறது. இவ்வகை இன்ஜினில் செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதால் பயனில்லை, காலை எடுத்துவிடுங்கள். பழைய இன்லைன் பம்ப் இன்ஜின்கள் வேறு வகை. அவற்றில் பலவற்றுக்குக் குளிர்காலக் கூடுதல் டீசல் திறக்க ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கவோ தனி பொத்தானை அழுத்தவோ வேண்டியிருக்கும்.

ஹீட்டரும் சென்சாரும் சரி என்றால் அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு. ரிங் தேய்ந்தாலும் வால்வ் கிளியரன்ஸ் இறுகிப்போய் வால்வ் சரியாக உட்காராவிட்டாலும், அதன் விளைவு குளிரில்தான் முதலில் தெரியும். மெதுவான சுற்றில் காற்று கசிய நேரம் அதிகம் கிடைப்பதே காரணம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று தள்ளுவது, ஆயில் செலவு கூடுவது, காலையில் பிடிக்க மறுப்பது மூன்றும் சேர்ந்து இருந்தால் அளந்து பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

மூன்றாவது வகை: வேகமாகச் சுற்றுகிறது, புகையே இல்லை. இதில் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் இன்ஜினில், அந்தக் குழாயின் அழுத்தமான ரயில் பிரஷர் 150, 200 பார் போன்ற ஓர் அளவை எட்டும்வரை இ.சி.எம். இன்ஜெக்டரைத் திறக்காது. இரவில் டீசல் டேங்குக்குத் திரும்ப இறங்கிவிட்டிருந்தால், பைப்பை நிரப்பி அந்த பிரஷரை எட்டுவதற்குள் பல நொடி போய்விடும். குளிரில் ரப்பர் வளையங்களும் ஹோஸ்களும் விறைத்துச் சுருங்குகின்றன. டீசல் வெளியே ஒழுகாத அளவு சிறிய இடுக்கில்கூடக் காற்று உள்ளே நுழைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் டீசலைக் கையால் ஏற்றும் பம்பான ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும்வரை அடியுங்கள். இருபது முப்பது அடி வாங்கிய பிறகே கெட்டியாகி, உடனே வண்டியும் பிடித்துக்கொண்டால், டீசல் இறங்கியது உறுதி. ஃபில்டர் கிண்ணத்தின் வளையம், டீசல் பைப்பை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர், ஹோஸ் கிளிப், பிரைமரின் சொந்த வால்வு என்ற வரிசையில் தேடுங்கள். டேங்க் நிரம்பியிருக்கும்போது வராத தொல்லை, கால் டேங்கில் வந்தால் அதுவும் இதே அடையாளம்தான். இன்ஜெக்டர் தேய்ந்து அதிலிருந்து திரும்பிப் போகும் டீசல் (ரிட்டர்ன்) அதிகமானால், டீசல் நீர்த்துப்போகும் சூடான நேரத்தில்தான் தொல்லை பெரிதாகும். காலையில் மட்டும் வரும் குறைக்கு இன்ஜெக்டரை உடனே கழற்றச் சொல்பவரிடம் இதைக் கேளுங்கள்.

கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு படிந்து ஃபில்டரை அடைப்பதும் உண்டு. அப்போது வண்டி பிடித்தாலும் சில நிமிடத்தில் இழுவை இழந்து நின்றுவிடும். சூடான பகுதியில் நிரப்பிய டீசலோடு குளிர்ப் பகுதிக்கு ஏறும் வண்டிகளுக்கு இது நேரும். மெழுகு படிந்த பிறகு ஊற்றும் மருந்து அதைக் கரைக்காது. முன்பே கலந்தால்தான் உதவும். மண்ணெண்ணெய் கலப்பதைக் காமன் ரயில் வண்டிகளில் செய்யவே வேண்டாம். அந்தப் பம்புக்கு டீசலின் வழவழப்புதான் உயவு. வாட்டர் செப்பரேட்டரில் தேங்கிய நீரை மாலையிலேயே வடித்துவிட்டால் இரவில் அது பனிக்கட்டியாகி வழியை அடைக்காது. புகையைச் சுத்தமாக்கப் பயன்படும் யூரியா கரைசலான ஆட்புளூ மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்றாலும், ஸ்டார்ட் ஆவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கைகூப்பிக் கேட்டுக்கொள்ளும் சில காரியங்களும் உண்டு. கிரிட் ஹீட்டரோ ஹீட்டர் பிளக்கோ உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஈதர் 160, 180 டிகிரியிலேயே தானாகப் பற்றும். பழுக்கக் காய்ந்த கம்பியில் பட்டால் மேனிஃபோல்டிலேயே வெடிக்கும். சிலிண்டருக்குள் நேரங்கெட்டு வெடித்தால் ரிங் உடையும், பிஸ்டனில் விரிசல் விழும். ஆயில் சம்ப்புக்கும் டீசல் டேங்குக்கும் அடியில் தீ மூட்டுவது, எரியும் துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடிப்பது இவை உயிரோடு விளையாடுவது. முழுவதும் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். உப்பியோ உறைந்தோ இருக்கும் பேட்டரிக்கு ஜம்பர் கேபிள் போடக் கூடாது, வெடிக்கும். ஒரே மூச்சில் 15 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். அந்த இடைவெளியில் செல்ஃப் மோட்டார் ஆறும், பேட்டரியும் ஓரளவு தேறும். மூன்று முறைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மேலே சொன்ன சுற்று வேகம், புகை இரண்டையும் பாருங்கள். விடாமல் அடித்தால் எரியாத டீசல் லைனரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அதனால் கம்ப்ரஷன் இன்னும் குறையும், ஆயிலிலும் டீசல் கலக்கும்.

குளிர் நிரந்தரமான இடங்களில் கூலன்ட்டைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இருந்தால், புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன் போட்டால் போதும். பிடித்ததும் ரேஸ் கொடுக்காதீர்கள். கெட்டி ஆயில் டர்போ வரை போய்ச் சேர நேரம் கொடுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு மிதமாக ஓட்டிச் சூடேற்றலாம்.

மெக்கானிக்கிடம் காட்டுவதென்றால் வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிடுங்கள். காலையின் முதல் செல்ஃபை அவர் முன்னால் அடியுங்கள், எத்தனை நொடி, என்ன புகை, எவ்வளவு வோல்ட் என்பதை அவரே குறித்துக்கொள்ளட்டும். மதியம் சூடான இன்ஜினோடு கொண்டுபோய் நிறுத்தினால், குறை இருந்த சுவடே தெரியாது.

இப்படிக்கு,
கனரக வாகன டீசல் மெக்கானிக்குகள் சிலர்